இருமலுக்கு ஒரு பந்தயம்

"லண்டன் பேண்டையே ஒத்த இருமல்ல நிறுத்தினவன் நான்!" மாணிக்கவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "பாட்டு பாதியில நின்னுச்சு. பாடினவன் என்னைப் பார்த்து, ‘சாரி சார்’னு கும்பிட்டான்."

வாசலில் காயலான் கடை வண்டி ஹாரன் அடித்தது. நிமிர்ந்த நெஞ்சு கொஞ்சம் உள்ளே போனது.

"கும்பிட்டானா? போன தடவை சல்யூட் அடிச்சான்னீங்க," என்றாள் அவர் மனைவி பரிமளா.

இது நாற்பது வருஷக் கதை. பட்டுச்சேலை மூட்டையை மெட்ராஸ் கடையில் இறக்கிவிட்டு, ஆரணி பஸ்ஸைப் பிடிக்காமல் ஒரு காலேஜ் அரங்கத்துக்குள் நுழைந்துவிட்டார் வாலிப மாணிக்கவேல். மேடையில் ‘சில்வர் டெலிபோன்ஸ்’. நியூ வேவ் பாட்டு என்று சொன்னார்கள். சின்தசைசரின் கொய்ங் சத்தமும் பாடகனின் அழுமூஞ்சிக் குரலும் அன்றைக்கே அவரைப் பிடித்துக்கொண்டன. இப்போது வீட்டில் ஒரு ரூம் முழுக்க ரெக்கார்டு.

இருமல் கதையை ஆரணி நம்பியது. போளூர் நம்பியது. வந்தவாசி பஸ்ஸில் அதைச் சொல்லாமல் கண்டக்டர் விசிலே ஊதுவதில்லை. நம்பாத ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று. முதலிரவில் கதையைக் கேட்டுவிட்டு, "நீங்க இருமல," என்று தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்தவள்.

அந்த ரூம் இப்போது பரிமளாவுக்கு வேண்டும். சேலை முந்திக்குக் குச்சு கட்டும் பெண்கள் உட்கார இடமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான், பேண்டு தொடங்கியதிலிருந்து கலைந்தது வரைக்குமான பாட்டுகளைத் தொகுத்து இரண்டு ரெக்கார்டு ஆல்பம் வந்து சேர்ந்தது. கடைசிப் பாட்டு, இதுவரை வெளிவராத மெட்ராஸ் மேடைப் பாட்டு!

பந்தயம் பிறந்தது. அவர் இருமல் அதில் இருந்தால் ரூம் அவருக்கு. இல்லையென்றால் அத்தனை ரெக்கார்டும் வண்டிக்கு. நடுவர், பக்கத்து வீட்டுச் சேலை வியாபாரி அருணகிரி.

"மொதல்ல தரம் பார்ப்போம்," என்று மாணிக்கவேல் நேரத்தை இழுத்தார். நெசவாளர் சொசைட்டியில் சேலைக்குத் தரம் போட்டே ரிட்டையர் ஆனவர். பாட்டுக்கும் அதே கண்தான்.

முதல் பக்கம் சுற்றியது. "உடல் கெட்டி. ஒரு இழை விடல."

"ரெண்டாவது பக்கம்?"

"பார்டர் பளபளன்னு மின்னுது, சரிகை டூப்பு. பேர் வந்ததும் சின்தசைசரை அள்ளிக் கொட்டிட்டானுங்க."

"மூணாவது?"

"சாயம் போயிடுச்சு. டிரம்ஸ் அடிக்கிறவனைத் துரத்திட்டு மெஷின் வச்சானுங்க பாரு, அங்க ஆரம்பிச்சது பேஜாரு. ஆனா தொகுத்தவன் கில்லாடிய்யா! நல்லதை மேல வச்சு, கோளாறை நடு மடிப்புல ஒளிச்சிருக்கான். பத்துக்கு ஏழு."

"முந்தியை விரிக்காம தரம் போடுற பழக்கம் எப்போலருந்து?" பரிமளா கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

அருணகிரி அட்டையை மூக்கருகே வைத்துப் படித்தார். "யோவ் மாணிக்கம், பழைய ரெக்கார்டிங்ல இரைச்சலை எல்லாம் எடுத்துட்டோம்னு போட்டிருக்குய்யா."

மாணிக்கவேல் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். எடுத்தவன் இருமலையும் எடுத்திருந்தால்? சொல்லிச் சொல்லி அவர் தொண்டையே நம்பிவிட்ட இருமல் அது. அவர் எச்சில் விழுங்கிய சத்தம் சந்தவாசல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஜல்தி சொல்லுங்க சார், வெயிலு ஏறிகினே போவுது," என்று எட்டிப் பார்த்தார் காயலான் கடைக்காரர்.

பாட்டு ஓடியது. கைதட்டல். டிரம்ஸ். அழுமூஞ்சிக் குரல். முதல் சரணம் போனது, ஒன்றுமில்லை. இரண்டாவது சரணம் பாதிக்கு வந்தது. அருணகிரி வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"லொக்... லொக் லொக்!"

பாட்டு நின்றது.

"இருக்குய்யா!" அருணகிரி துள்ளினார். மாணிக்கவேல் தோள் துண்டை உதறி மேலே எறிந்தார். துண்டு ஃபேனில் மாட்டிச் சுற்றியது.

ரெக்கார்டில் வளையல் குலுங்கியது. கூட்டம் சிரித்தது. பிறகு பாடகனின் குரல்: "ஆர் யூ ஆல்ரைட், மிஸ்?"

அருணகிரி ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். மறுபடியும் இருமல். மறுபடியும் வளையல். மறுபடியும் மிஸ்.

"யோவ், இது பொம்பளை இருமல்யா!"

மாணிக்கவேல் தொப்பென்று உட்கார்ந்தார். அங்கே அவர் இருந்தது நிஜம். பாட்டு நின்றதும் நிஜம். முன்வரிசையில் இருமியது யாரோ ஒரு பெண் என்பதை மட்டும் கதை வருகிற வழியில் எங்கேயோ இறக்கிவிட்டிருந்தது.

"எடுத்துக்கினு போகச் சொல்லு," என்றார் தரையைப் பார்த்து. வண்டிக்காரர் முதல் பெட்டியைத் தூக்கினார்.

"கீழ வைப்பா," என்றாள் பரிமளா.

"நீதான் ஜெயிச்சிட்டியேம்மா!" என்றார் அருணகிரி.

பரிமளா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "சித்தி வீட்டுக்குப் போறேன்னு எங்கப்பாகிட்ட புளுகிட்டுப் போனது. தெரிஞ்சிருந்தா காலை ஒடிச்சிருப்பாரு. அவர் இருந்த வரைக்கும் வாயைத் திறக்க முடியல. அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

"இன்னாம்மா சொல்ற?"

"நடந்தது நெசந்தாண்ணே. இருமினது நான்."