டாக்டர் அறைக்கு வெளியே எட்டுப் பேர்

காதைப் பொத்திக்கொண்டு கலோயன் உள்ளே நுழைந்தபோது, டாக்டர் அறைக்கு வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ப்ளோவ்டிவ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த பஸ் டிரைவர் அவன். மூன்று ஊர்களில் டாக்டர் தேடி அலைந்தாயிற்று. எங்கே போனாலும், "டாக்டரோட நோயாளிப் பட்டியல் நிரம்பிடுச்சு, புது ஆளைச் சேர்க்க முடியாது." இந்த மலைக் கிராமத்து டாக்டரம்மாதான் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

"அண்ணே, காது உயிர் போகுது. நான் முதல்ல போய்க்கட்டுமா?"

"எனக்கு முட்டி உயிர் போகுது. உட்காருப்பா," என்றார் ஜெல்யாஸ்கோ. முழங்காலில் பெரிய கட்டு.

பக்கத்திலிருந்த ஸ்டோய்னா அக்கா, "எனக்கு மூணு வாரமா இருமல்," என்று லொக்கு லொக்கென்று இருமிக் காட்டிவிட்டு, கையிலிருந்த பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தை இன்னொரு கடி கடித்தாள்.

அந்த எட்டுப் பேரைத் தவிர, மூலையில் கோட்டுக்காரர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் அவர் மேலேயே இருந்தது.

அரை மணி போயிற்று. தண்ணீர் குடிக்க ஜெல்யாஸ்கோ நொண்டிக்கொண்டே எழுந்து போனார்.

கலோயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ்! கட்டு இடது கால்ல, நொண்டுறது வலது காலா? உங்கள மாதிரி ஆளுங்க சும்மா வந்து உட்கார்றதாலதான் நிஜ நோயாளிக்கு டாக்டர் கிடைக்கிறதில்ல!"

ஸ்டோய்னாவுக்குப் பனித்சா புரையேறி, இப்போது நிஜமாகவே இருமல்.

கோட்டுக்காரரின் போன் அடித்தது. வெளியே போனார். அடுத்த நொடி ஜெல்யாஸ்கோ இரண்டு காலாலும் பாய்ந்து வந்தார்.

"கெடுத்தியே பாவி! அவர் மாவட்ட அதிகாரி. கூட்டம் இல்லன்னா டாக்டரம்மாவை டவுனுக்குத் தூக்கிடுவாங்க. மேலத் தெருவுல நாலு பேரு படுத்த படுக்கை. அம்மா தினம் அவங்க வீட்டுக்கே போய்ப் பார்க்கறாங்க. அதெல்லாம் இவர் கணக்குல வராது!"

"அப்ப நீங்கல்லாம்...?"

"எங்களுக்கு ஒரு கேடும் இல்ல. அவர் வர்றதுக்குள்ள நீ உள்ள ஓடு!"

கலோயன் காதில் பஞ்சோடு வெளியே வந்தபோது அதிகாரி திரும்பியிருந்தார்.

அவன் நேரே அவரிடம் போனான். "ஐயா, வலியில உளறிட்டேன். இவங்க நிஜமாவே..."

"தெரியும்ப்பா. அந்த அம்மா போன மாசம் நான் கணக்கெடுக்கப் போன பக்கத்து ஊர்லயும் இருமிட்டிருந்தாங்க."

ஸ்டோய்னா வாயிலிருந்த கடியை மெல்லுவதையே மறந்துபோனாள்.

அதிகாரி நோட்டை மூடினார். "பத்து நோயாளின்னு எழுதியிருக்கேன்."

"என்னைச் சேர்த்தாலும் ஒன்பதுதானே ஐயா?"

"மூணு வருஷமா டவுன்ல நாய் மாதிரி அலையறேன், எனக்கு ஒரு டாக்டர் கிடைக்கல," என்றபடி அவர் கோட்டைக் கழற்றினார். "வரிசையில கடைசி ஆள் யாருங்க?"