தகப்பன் இல்லாதவர்களுக்கு மட்டும்

அப்பாவின் உயிருக்கு எண்ணூறு கேட்டார் தரகர். அப்பா ஐந்நூறுக்கு முடித்தார்.

"சாகிறவனே நேர்ல வந்து நிக்கிறேன், எனக்கே சலுகை இல்லைன்னா எப்படிங்க?" என்று கேட்டுத்தான் குறைத்தார். வாழ்நாள் முழுக்கச் செருப்பு விற்றவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கமில்லை, சொந்த இறப்புச் சான்றிதழ் உட்பட.

வேறு வழி பார்க்காமல் இல்லை. நர்ஸிங் படிப்புக்கு உதவித்தொகை தருகிற இடம் ஒன்று விடாமல் மகள் எழுதிப் போட்டாள். ஒரு இடத்தில் மதிப்பெண் போதவில்லை. ஒரு இடத்தில் கடைசித் தேதி முந்தின நாளோடு போய்விட்டது. இன்னொரு இடத்தில் எல்லாம் சரியாக இருந்தது, சிபாரிசுதான் இல்லை.

மிஞ்சியது ஒரே ஒரு அறக்கட்டளை. படிப்பு முடிகிறவரை மொத்தச் செலவும் அவர்களுடையது. பெண்ணுக்குத் தகப்பன் மட்டும் இருக்கக் கூடாது.

"இவ்வளவுதானா?" என்றார் அப்பா.

மகள் வேண்டாமென்று அழுதாள். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் அவர் தன் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். உர்ரென்று இருந்தால் உயிரோடு இருப்பது போலத் தெரியும் என்று சிரித்த படமாகப் பார்த்து எடுத்திருந்தார்.

இன்று அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வந்துவிட்டது. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்பா பரணில், செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தார்.

என்றைக்குப் போனார், எங்கே போனார், கடையை இப்போது யார் பார்க்கிறார்கள், எல்லாம் பேசி வைத்திருந்தார்கள்.

"எப்படிம்மா போனார்?" என்று கேட்டார் நர்ஸம்மா.

அதை மட்டும் யாரும் பேசி வைக்கவில்லை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் மோதிச்சுன்னு சொல்லு, பஸ் மோதிச்சுன்னு சொல்லு என்று அப்பா மனசுக்குள் எடுத்துக் கொடுத்தார்.

மகள் நிதானமாகச் சொன்னாள். "மூணு வாரமா நெஞ்சுல அடைப்பு. இடது கை குடையும். கடையில ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் பின்னால போய் உக்காந்துக்குவார். ஒரு சோடாவை வாங்கிக் குடிச்சிட்டு, வேர்வையைத் துடைச்சிட்டு, சிரிச்ச முகமா வந்து யாவாரம் பண்ணுவார்."

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"எனக்கு ஃபீஸ் கட்டின பிறகு பார்த்துக்கலாம்னு இருந்தார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

பக்கத்தில் இருப்பவரிடம் இவ்வளவு சத்தமாக ஏன் பேசுகிறாள் என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பார்மா."

"ஆமா," என்றாள் மகள். இதையும் சத்தமாகத்தான்.

பரணில் அப்பா வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கடைக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். காலி சோடா பாட்டிலைக்கூட அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

கீழே நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார். நாலு வருஷமும் நாங்கள் கட்டிவிடுகிறோம் என்று சொல்லி, மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வாசல் கதவு சாத்தியதும் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, இறங்குங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்."

அங்கே முதலில் பேர்தான் கேட்பார்கள். செத்தவன் பேரைச் சொல்லி எப்படிச் சீட்டு வாங்குவது?

"அப்பா!"

பதில் சொல்ல நாக்கு எழவில்லை. வியாபாரி மூளை மட்டும் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. கட்டணம், விடுதி, சீருடை, புத்தகம், நாலு வருஷத்துக்கும் முழு விலையும் வந்தாயிற்று.

சரக்கு மட்டும் இன்னும் ஒப்படைக்கவில்லை.