பக்கத்து சீட் பிரேக்

“ரோட்டைப் பாரு! என் கால்ல என்ன சினிமாவா ஓடுது?”

மாஸ்டர் போட்ட சத்தத்தில், சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாஸ்டரின் மனைவி பார்வையை ரோட்டுக்குத் திருப்பினாள். பச்சை விழுந்ததும் வண்டியை நகர்த்தினாள். நகர்த்திய கையோடு ஓரக்கண்ணால் மறுபடியும் அவர் காலைப் பார்த்தாள்.

“பாரு, திரும்பவும்! இந்த லட்சணத்துக்கு எவன் உனக்கு லைசென்ஸ் குடுத்தான்?”

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல். மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோதுகூட மனுஷர் அவ்வளவாகக் கலங்கவில்லை. “வலிப்பு வர வாய்ப்பு இருக்கு, இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது” என்று டாக்டர் சொன்னபோதுதான் உடைந்துபோனார்.

ஆபரேஷன் முடிந்து அவர் தேறி வருவதற்குள், அவருடைய பழைய மாணவி ஒருத்தியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, மனைவி லைசென்சும் வாங்கிவிட்டாள். அதற்காவது ஒரு வார்த்தை பாராட்டினாரா? ம்ஹூம். தினமும் ரேடியேஷனுக்குப் போகவேண்டும் என்றதும் முரண்டு பிடித்தார்.

“நீ ஓட்ட, நான் பக்கத்துல சும்மா பொம்மை மாதிரி உக்காந்து வரணுமா? எனக்கு வைத்தியமே வேணாம், போ.”

சொன்னபடி முதல் நாள் போகவும் இல்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“ஸ்கூல் வண்டியை எடு. அதுல என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. நீ தப்புப் பண்ணா நான் நிறுத்திக்கறேன். அப்படின்னா வர்றேன்.”

மறுநாள் காலையில் ஸ்கூல் வண்டி வாசலில் நின்றது.

அன்றிலிருந்து இதே கூத்துதான். நாய் குறுக்கே வரும், மாஸ்டர் ஒரு மிதி மிதிப்பார், வண்டி நிற்கும். பஸ் திரும்பும், மிதிப்பார், நிற்கும். சில நேரம் ஒன்றுமே இல்லாததற்கும் மிதிப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள்.

“பாத்தியா! நான் மட்டும் மிதிக்கலேன்னா அந்த நாய் கதி என்னாகியிருக்கும்?”

“ஆமாங்க. நல்லவேளை நீங்க இருந்தீங்க.”

“இவளைக் கூட்டிட்டு வந்து சேர்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது” என்று ஆஸ்பத்திரி நர்சிடம் பெருமையாகப் புலம்புவார். புலம்பப் புலம்ப முகத்தில் தெளிவு வந்தது. பழையபடி சாப்பிடவும் ஆரம்பித்தார்.

இன்றைக்கு ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “மிச்சமிருந்த கட்டி நல்லா சுருங்கியிருக்கு, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க” என்றார் டாக்டர். வருகிற வழியில் டயருக்குக் காற்றடிக்க, வழக்கமான மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார்கள். மனைவி எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள்.

“தம்பி, என் பக்கத்து பிரேக்கையும் ஒரு பார்வை பாருப்பா. மிதிச்சா வண்டி நிக்குது, ஆனா கால்ல பிடிப்பே தெரியல.”

மெக்கானிக் திருதிருவென்று முழித்தான்.

“நிக்குதா? அது எப்படி மாஸ்டர் நிக்கும்? அதைத்தான் அன்னிக்கே கழட்டி விட்டாச்சே! ஒரு ஸ்பிரிங்கை மாட்டி வெறும் பெடலை நிக்க வெச்சிருக்கேன்.”

“யாரு கழட்டச் சொன்னது?”

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். இனி மறைத்துப் பயனில்லை.

“அக்காதான். வலிப்பு வந்து உங்க கால் விறைச்சு அதை மிதிச்சிட்டா ரெண்டு பேருக்குமே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாராம். ஆனா பெடல் இல்லேன்னா நீங்க வைத்தியத்துக்கே வர மாட்டீங்கன்னு சொல்லி அழுதாங்க.”

மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அப்படியானால் இத்தனை நாளும் வண்டியை நிறுத்தியது யார்? அவள் ஏன் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி மருந்தோடு வந்தாள். “என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. வண்டியை எடு.”

தெரு வெறிச்சென்று கிடந்தது. மாஸ்டர் வேண்டுமென்றே பெடலை மெதுவாக அழுத்தினார். வண்டியும் மெதுவாக நின்றது.

“என்னாச்சுங்க?”

“அணில் ஒண்ணு ஓடுச்சு.”

“நான் கவனிக்கவே இல்ல. நல்லவேளை நீங்க இருந்தீங்க.”

மாஸ்டர் பெடலிலிருந்து காலை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“ஐயையோ, காலை எடுத்துட்டீங்களே! பிரேக்கை யாரு பாத்துக்கறது?”

“அதான் நீ இருக்கியே” என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார் மாஸ்டர். “இனிமே நீ ரோட்டைப் பாத்தா போதும்.”