ஓவனுக்குள் முதலில் போன முந்திரி

ஜெசிந்தா பேரிக்காயைத் தோல் சீவி, இரண்டாக நறுக்கி, நடுவில் குழி தோண்டித் தட்டில் அடுக்கினாள். சீஸும் முந்திரியும் பக்கத்துக் கிண்ணத்தில் காத்திருந்தன. பழம் வெந்த பிறகுதான் அவற்றின் முறை வரும்.

ஒரு முந்திரிக்கு அது பொறுக்கவில்லை. "பாயசத்தில் எனக்கு என்ன மரியாதை தெரியுமா? இங்கே வந்து நான் கடைசியில் போவதா?" என்றது.

"பாயசத்திலும் உன்னைக் கடைசியில்தானே போடுவார்கள்" என்றது சீஸ்.

முந்திரி காதில் வாங்கவில்லை. ஜெசிந்தா தேன் எடுக்கத் திரும்பியதும் கிண்ணத்திலிருந்து குதித்து, ஒரு பேரிக்காயின் குழிக்குள் பதுங்கிக்கொண்டது.

"இறங்கிவிடு. என்னிடம் தண்ணீர் இருக்கிறது, சூட்டைத் தாங்குவேன். நீ கருகிவிடுவாய்" என்றது பேரிக்காய்.

"உனக்குப் பொறாமை" என்றது முந்திரி.

தட்டு ஓவனுக்குள் போனது. வெளியே வந்தபோது பேரிக்காய் பொன்னிறமாகக் குழைந்திருந்தது. நடுவில் முந்திரி கரியாகிக் கிடந்தது.

"இது எப்ப உள்ள போச்சு?" என்று ஜெசிந்தா அதைக் கரண்டியால் நெம்பிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு சீஸைத் தூவி, மற்ற முந்திரிகளை மேலே வைத்து, தட்டை இன்னும் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்து எடுத்தாள்.

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் ஒரு வாய் சாப்பிட்டாள். "மதினி, இந்த முந்திரிதான் பிரமாதம்!"

கூடைக்குள் கருகிய முந்திரி, பக்கத்தில் கிடந்த பேரிக்காய்த் தோலை இடித்தது. "கேட்டாயா? என்னைத்தான் சொல்கிறார்கள்."

தோல் கொஞ்சம் நகர்ந்து, அது உட்கார இடம் விட்டது.