உறைகுளிர்ச் சான்று

பாட்டரி சுட்டது.

தில்லைநாதன் கையை எடுத்துவிட்டு, ஐயம் தீர மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

மாடியின் கைப்பிடிச் சுவரில் சாக்கு விரித்து, பன்னிரண்டு பாட்டரிகளும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மாசி மாதத்துப் பத்து மணி வெயில் அவற்றின்மேல் நன்றாக இறங்கியிருந்தது.

அவர் மாடிக்கு வருவது வழக்கமில்லை. அந்நேரத்தில் சிதம்பரம் ரயிலடியில் நின்று, கடலூர் துறைமுகத்திலிருந்து உமி மூட்டைக்குள் வரும் பனிக்கட்டியைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். இன்று வண்டி அதிசயமாக முன்னதாகவே வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கீழே ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. தேடிக்கொண்டு மேலே வந்தார்.

சீன எல்லையில் சண்டை நின்று மூன்று மாதமாகிறது. அந்தச் சண்டையில், மலைமேல், பட்டாளத்து வயர்லெஸ் பெட்டிகள் ஒரு மணி நேரத்துக்குள் ஊமையாகிவிட்டன. குளிரில் பாட்டரி செத்துப்போயிற்று என்றார்கள். அந்தப் பாட்டரிகள் உறைகுளிரில் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று சான்று கொடுத்தது இந்தச் சிறிய ஆய்வுக்கூடம். கையெழுத்திட்டவர் தில்லைநாதன். காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு இன்று மாலைக்குள் பதில் போக வேண்டும்.

காரணம் வேண்டியிருந்தவர் இன்னொருவரும் உண்டு. உதவியாளர் நூர்முகம்மது, பரங்கிப்பேட்டைக்காரர். அவருடைய ஒரே மகன் மீரான் அந்த மலையில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவன். சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காரணம் தெரிந்ததா என்று தினமும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நூர்முகம்மது பனிக்கட்டிப் பெட்டியைத் திறப்பார்.

தெரியவில்லை. அதே தயாரிப்பில் மிஞ்சியிருந்தவற்றைப் பத்து நாளாக உப்பிட்ட பனிக்கட்டிக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள். இணைத்த விளக்கு இரண்டு மணி நேரமும் அணையாமல் எரிகிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து நூர்முகம்மது வந்தார். அவர் முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

"மழக்காலத்து ஈரம் உள்ளாற எறங்கிக் கெடக்குது சார். வெயில் காட்டினாத்தான் உசுரு வரும். டார்ச்சுக் கட்டைக்கு நாம செய்யுறதுதானே? நீங்க ஐஸுக்குப் போவீங்க, நான் வெயிலுக்கு வருவேன்."

போன வருடமும் அப்படியே செய்ததாகச் சொன்னார். ஒன்று விடவில்லையாம். மகன் தோளில் ஏறப்போகிற சாமான் என்பதால், ஒவ்வொன்றையும் விடிந்ததும் மேலே கொண்டுவந்து, பனிக்கட்டி வந்து சேரும்வரை புரட்டிப் புரட்டி வைத்தாராம்.

பாட்டரியைத் தொடுவது நூர்முகம்மதுவின் வேலை. எண்களைப் பார்ப்பது தில்லைநாதனின் வேலை.

எண்களில் பிழை இருந்ததில்லை. பனிக்கட்டியின் வெப்பநிலையைப் பத்தில் ஒரு பாகை வரை அவர் குறித்திருக்கிறார். பாட்டரியின் வெப்பநிலையை ஒருநாளும் குறித்ததில்லை. இரவு முழுவதும் குளிரில் வைத்த பிறகே சோதிக்க வேண்டும் என்பது விதி. சிதம்பரத்தில் பனிக்கட்டி மதியத்தைத் தாண்டாது. எனவே, வைத்தவுடனே சோதிக்கலாம் என்று முறைப்படி எழுதி, முறைப்படி அனுமதி பெற்றிருந்தார்.

கனத்த அட்டை, அதற்குள் தார்போன்ற கீல் பூச்சு. உள்ளே தேங்கிய வெயில் வெளியேற இரண்டு மணி நேரம் போதாது. இதைக் கணக்கிட அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

நூர்முகம்மது பாட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மீரான்கிட்டயும் சொல்லித்தான் அனுப்பினேன். கடுதாசில எழுதியிருந்தானே சார், மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. நூர்முகம்மதுவுக்கு எழுத்து தெரியாது. மீரானின் கடைசிக் கடிதத்தைக் கீழே மேசையருகில் மூன்று முறை படித்துக்காட்டியவர் தில்லைநாதன்தான்.

'வாப்பா சொன்னபடி பாட்டரியை வெயிலில் வைத்தால்தான் பெட்டி பேசுகிறது. இங்கே நான்கு நாளாக வெயிலே இல்லை.'

மூன்றாம் முறை படித்து முடித்ததும், பையன் ஓர் ஒற்றுக்கூடத் தவறவிடாமல் எழுதியிருக்கிறான் என்று பாராட்டி, கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

அது புரட்டாசி பிறந்த வாரம். சண்டை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

படியில் இறங்கப் போன நூர்முகம்மது நின்று திரும்பினார். இன்றைக்குக் கேட்க விட்டுப்போனது நினைவுக்கு வந்துவிட்டது.

"காரணம் தெரிஞ்சுதா சார்?"

சுவர்மேல் ஒன்று மிச்சமிருந்தது. தில்லைநாதன் அதை எடுத்து, அவருடைய கைகளில் இருந்தவற்றின்மேல் வைத்தார்.

"ஐஸ் கரையுது பாய். வாங்க."