பச்சை எது?

யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் போதும்.

அவள் கருத்தரங்கின் மூன்றாவது வரிசையில் காத்திருந்தாள்.

பழிவாங்கும் நாள் என்று, இருப்பதில் நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இஸ்திரிப்பெட்டி சுட்ட இடத்தைத் துப்பட்டா மறைத்தது.

திரையில் ஒரு பழ ஈயின் மூளை. கடுகில் பாதிகூட இல்லாதது, சுவரளவுக்கு விரிந்து கிடந்தது. உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக நியூரான்கள். இதற்கென்றே மரபணு மாற்றி வளர்த்த ஈக்கு, புழுவாக இருக்கும்போது கொஞ்சம் சூடு காட்டினால், ஒவ்வொரு நியூரானும் ஏதோ ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளும். எதற்கு எந்த நிறம் என்பது அதனதன் தலையெழுத்து. நிறம் இல்லாவிட்டால் எந்தக் கிளை யாருடையது என்று பிரம்மனே வந்தாலும் பிரிக்க முடியாது.

சூடு காட்டியது அவள்.

அந்த மூளையைக் கிழியாமல் உரித்தெடுத்தது அவள்.

நுண்ணோக்கி அறையின் ஏசி குளிரில், மூக்கு ஒழுக உட்கார்ந்து படமெடுத்தது அவள்.

ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர், துறைத்தலைவரின் மருமகனுடையது. அவனுக்கு ஈ என்றாலே அருவருப்பு.

அவள் பெயர் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில், 'ஆய்வக நண்பர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. அதில் அவளும் அடக்கம். ஈக்களும் அடக்கமாக இருக்கலாம்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சற்குணம். அவள் பெயரை எடுத்துவிட்டவரும் அவர்தான்.

அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. யாரிடமும் சொன்னதில்லை. கேன்டீனில் தக்காளிச் சட்னியையும் புதினாச் சட்னியையும் அவர் முகர்ந்து பார்த்து ஊற்றிக்கொள்வதை அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

அன்று முதல், அவருக்குக் கொடுக்கும் படங்களில் மட்டும் பச்சையை வெள்ளையாக மாற்றிக் கொடுத்தாள். கணினியில் ஒரு நிமிட வேலை. ஏன் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இன்று காலை மாற்றவில்லை.

பொய் ஒன்றும் செய்துவிடவில்லை. உள்ளதை உள்ளபடி கொடுத்தாள். அவர் சரிபார்த்தது, பெயர்கள் இருந்த முதல் பக்கத்தை மட்டும்.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். வேறொரு கல்லூரிப் பேராசிரியை.

"சார், நடுக்கோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போறது பச்சைதானே? கொஞ்சம் காட்டுங்களேன்."

லேசர் புள்ளி நகர்ந்தது. தயங்கியது. ஒரு கிளையில் நின்றது.

"இதாம்மா பச்சை."

"அது செவப்பு சார்."

புள்ளி துள்ளிப் போய் இன்னொரு கிளையில் உட்கார்ந்தது.

"அதுவும் செவப்புதான் சார்."

"சிக்னல்ல எப்படிடா வண்டி ஓட்டுறாரு?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது.

இதற்குத்தான் வந்திருந்தாள். கூடச் சேர்ந்து சிரிக்க வாயைத் தயாராக வைத்திருந்தாள்.

"அதாவது... இது வந்து..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குற்றம் கண்ணாடியுடையது என்பதுபோல. மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். புள்ளி இப்போது அலைந்தது. ஈ மூளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், எங்கும் உட்கார முடியாமல்.

பிறகு திரையை விட்டுவிட்டு, இருட்டில் ஒவ்வொரு வரிசையாகத் தேடினார்.

அவளைக் கண்டுபிடித்தார்.

அந்தப் பார்வையில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

எழுந்துவிட்டாள். பழிவாங்குவதற்கு வேறு மாதிரி முழங்கால்கள் வேண்டும் போலிருக்கிறது.

"நான் காட்டுறேன்."

மைக் கைமாறி வந்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் குனிந்து பார்த்தார்.

"பேரச் சொல்லிட்டுப் பேசுங்கம்மா. ரெக்கார்டு ஆகுது."

மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

மேடையைப் பார்த்தாள்.

"என் பேர சார் சொல்லுவாங்க," என்றாள்.

அரங்கம் முழுவதும் அவர் பக்கம் திரும்பியது.