எழுபத்தைந்து வயது ஜெசிந்தா

தூத்துக்குடி ஜெசிந்தாவுக்கு ஐம்பத்தொரு வயது. பெண்களுக்கான இணைய உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் பயிற்சி முடிந்ததும், இப்படியே போனால் எழுபத்தைந்து வயதில் அவள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று வகுப்பின் செயலி, வீட்டுக் கேமராவில் பார்த்ததை வைத்துக் கணித்து, சுவரில் படமாகக் காட்டும். முதல் நாள் தெரிந்த கிழவி கட்டிலைவிட்டு எழவே இல்லை. அன்று அழுதுவிட்டுத்தான் ஜெசிந்தா டம்பெல் வாங்கினாள்.

இன்றைய கிழவி மீன் பையோடு மாடிப்படி ஏறி வந்து சமைத்தாள். ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெசிந்தா கைதட்டிச் சிரித்தாள்.

காபியோடு வந்து நின்ற கணவன் ரொசாரியோ சிரிக்கவில்லை.

“ஒரு தட்டுதான் இருக்கு. நான் எங்க, ஜெசி?”

“கடைக்குப் போயிருப்பீங்க.”

“சும்மா சொல்லாத. நான் சோபாவுல படுத்தே கெடக்குறதையும் அந்தக் கேமரா தெனமும் பாத்துக்கிட்டுதான இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரொசாரியோ காபியைக் கீழே வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய பாயில் வந்து நின்றான்.

“இந்த உக்காந்து எந்திரிக்கிறத எப்படிச் செய்யணும்? மெதுவாச் சொல்லு.”

ஜெசிந்தா அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“மூச்ச அடக்காதீங்க,” என்றாள்.